சேலம் – நாமக்கல் காவிரிக் கரையில் ஒருநாள் நீர்ச்சுற்றுலா

விடியற்காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, பகல் முழுவதும் நீரை ஒட்டிய இடங்களில் கழித்து, இரவுக்குள் வீடு திரும்பும் பயணத்தை ஒருநாள் நீர்ச்சுற்றுலா எனலாம். கடலோர ஊர்களில் இதற்கு ஒரு வழக்கமான அமைப்பு உண்டு. காலையில் படகேறி ஒரு தீவுக்குச் சென்று ஸ்நோர்கெலிங், பிற்பகலில் நீர்ப் பூங்கா, மாலையில் கோயில், கோட்டை, கடைத்தெரு என்று அது அமையும். அந்தமானுக்கும் தாய்லாந்துக்கும் போய்வந்த கொங்குநாட்டுக் குடும்பங்களுக்கு இந்த வரிசை இன்று புதிதல்ல.

சேலம் – நாமக்கல் சமவெளியில் கடல் இல்லை. காவிரி இருக்கிறது. மேட்டூரில் அணையைத் தாண்டி வரும் ஆறு பூலாம்பட்டி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாக இச்சமவெளியின் மேற்கு, தெற்கு எல்லைகளை ஒட்டிச் செல்கிறது. ஆற்றுக்கு நடுவில் திட்டு உண்டு. அதில் கோயிலும் உண்டு. அணை நீருக்கு அடியில் மூழ்கிய கோபுரங்கள் உண்டு. அணையடியில் பூங்கா, ஆற்றின் குறுக்கே படகு, கரையில் மீன் வறுவல் ஆகிய எல்லாம் உண்டு. ஆகவே கடலோரத்தார் மூன்றாகப் பிரித்துச் சொல்லும் அதே பயணத்தை இங்கே ஓர் ஆற்றை ஒட்டியே அமைத்துக்கொள்ள முடியும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் போவது உயிருக்கே ஆபத்தாகிறது. பவளத்தீவை ஒட்டிய கடல், நீர்ப் பூங்காவின் தொட்டி, கதவணைகளால் ஆளப்படும் ஆறு ஆகிய மூன்றும் மூன்று வகை நீர். ஒன்றில் பழகிய துணிச்சல் மற்றொன்றில் பயன்படாது. ஆண்டுதோறும் கோடை விடுமுறையிலும் ஆடிப் பெருக்கிலும் காவிரியில் நிகழும் மூழ்கல் சாவுகளில் பெரும்பாலும் வெளியூரிலிருந்து குளிக்க வந்த இளைஞர்களே இறக்கிறார்கள். கரையிலேயே வளர்ந்தவர்கள் அத்தனை எளிதில் அகப்படுவதில்லை. எந்த இடத்தில் இறங்கக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஸ்நோர்கெலிங்: எங்கே முடியும், எங்கே முடியாது

முகத்தில் கண்ணாடி முகமூடி அணிந்து, வாயில் வளைந்த குழாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு, குப்புற மிதந்தபடி நீருக்கடியில் இருப்பவற்றைப் பார்ப்பதே ஸ்நோர்கெலிங். தமிழில் மூச்சுக்குழாய் நீச்சல் என்று சொல்லலாம். குழாயின் மேல்முனை நீருக்கு மேல் நிற்பதால் தலையைத் தூக்காமலே மூச்சுவிட முடிகிறது. மூழ்கி நீந்தும் ஸ்கூபாவைப் போல இதற்குக் காற்று உருளை தேவையில்லை. முகமூடிக்குள் இருக்கும் காற்றும் வெளியே இருக்கும் நீரும் ஒளியை வளைப்பதால் மீன்கள் உண்மையான அளவைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், சற்று அருகிலும் தெரியும். பார்த்த மீனின் அளவைப் பற்றி ஊருக்கு வந்து சொல்லும் கதைகளில் பாதி இந்த ஒளிவளைவின் வேலைதான்.

குழாய் ஒரு முழத்துக்கும் குறைவாக ஏன் இருக்கிறது, நீளமாகச் செய்தால் இன்னும் ஆழத்தில் கிடந்து பார்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஒரு மீட்டர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நீர் 100 கிராம் கனத்துடன் அழுத்துகிறது. நெஞ்சுப் பரப்பு முழுவதையும் சேர்த்தால் ஓர் ஆளே ஏறி உட்கார்ந்த கனம். அதை எதிர்த்து விலா எலும்புகளை விரித்து மேலேயிருந்து காற்றை இழுக்க மனிதத் தசைகளால் இயலாது. தவிர, நீளமான குழாயில் விட்ட மூச்சே தங்கி மீண்டும் உள்ளே வரும். எனவே இது மேற்பரப்பில் மிதப்பவர்களுக்கு மட்டுமே உரிய கருவி.

இதற்கு வேண்டியவை மூன்று: தெளிந்த நீர், அதிகம் இழுக்காத நீர், பார்ப்பதற்கு ஏதேனும் இருக்கும் ஆழமற்ற தளம். இம்மூன்றும் பவளப்பாறைகளை ஒட்டித்தான் ஒன்றாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன; வனத்துறையின் அனுமதியின்றி அத்தீவுகளில் இறங்க முடியாது. அந்தமானில் வண்டூர் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த ஜாலி பாய் தீவு பெயர்பெற்றது. இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தொலைவில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் அது தேசியப் பூங்காவானது. காலையில் புறாத்தீவில் பவளமும் சிறு சுறாக்களும், பிற்பகலில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், மாலையில் கோணேசர் கோயில் என்று அங்கே ஒரே நாளில் முடித்துவிடலாம். நீர்ப் பூங்கா மட்டும்தான் இல்லை. கன்னியா இருக்கும்போது அது தேவையுமில்லை.

காவிரியில் இது முடியாது. வண்டல் கலந்த நீரில் கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்களே மிகுதி. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நீர் நின்றபடி இருந்தாலும், சில ஆண்டுகளில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பகுதிகளில் நீலப்பசும் பாசி படர்ந்து நாற்றமடிப்பதைக் கரையோர மக்கள் முறையிட்டிருக்கிறார்கள். மேலும் காவிரி சதுப்புநில முதலையின் இயற்கையான வாழிடம். ஒகேனக்கல்லில் முதலை மறுவாழ்வு மையமே இருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் முகமூடியையும் குழாயையும் வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு வருபவர்களை இப்போது பார்க்க முடிகிறது. ஓடும் நீரில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மிதப்பவருக்குத் தாம் எங்கே இழுத்துச் செல்லப்படுகிறோம் என்பதே தெரியாது. அந்தக் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

நீருக்கு அடியில் இருந்தவை வெளியே வரும் இடம்

மூழ்கியதைப் பார்க்கும் ஆவலுக்கு இப்பகுதியில் வேறொரு வழி உண்டு. அதற்கு நீரில் இறங்கவும் வேண்டாம். நீர் தானே இறங்கும்வரை காத்திருந்தால் போதும்.

மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் பிரடரிக் ஸ்டான்லி அதைத் திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இவ்வளவு நீர் தேங்குவதற்கு இடம் வேண்டுமல்லவா? ஆற்றங்கரையில் இருந்த பல ஊர்கள் காலிசெய்யப்பட்டன. வீடுகளை விட்டுப் போனவர்கள் பண்ணவாடிப் பகுதியில் ஒரு கிறித்தவ ஆலயத்தையும் சலகண்டேசுவரர் கோயிலையும் அப்படியே விட்டுச் சென்றார்கள்.

அணை நிறைந்திருக்கும் மாதங்களில் பண்ணவாடிக்குப் போனால் நீர்ப்பரப்பும் அக்கரைக் குன்றுகளும்தான் தெரியும். மட்டம் 80 அடிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது முதலில் ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் கோயிலின் நந்தி சிலை வெளியே வரும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் அவ்விடம்வரை நடந்தே போகலாம். நீர் வடிந்த வண்டல் நிலத்தில் உழவர்கள் குறுகியகாலப் பயிர் போட்டிருப்பார்கள். சேலம் நாளிதழ்களில் நந்தியின் படம் வந்தால் அணை வற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் படத்தைப் பார்த்துச் சுற்றுலாப் பயணிகள் கிளம்புவார்கள். தஞ்சை உழவர்கள் கவலைப்படுவார்கள்.

பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து தருமபுரி மாவட்டத்தின் நாகமரைக்குப் படகு செல்கிறது. இது சுற்றுலாவுக்காக ஏற்பட்டதன்று. அக்கரை மக்களின் அன்றாடப் போக்குவரத்து. காற்று பலமாக வீசும் நாட்களில் நீர்த்தேக்கத்தில் அலை கடல்போல் எழும். அப்போது படகோட்டி வேண்டாமென்றால் வேண்டாம்தான்.

மேட்டூர் அணைப் பூங்காவும் முனியப்பனும்

சேலத்திலிருந்து மேட்டூர் 50 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பயணம் இங்கே தொடங்குவதே முறை. அணையின் அடிவாரத்தில் உள்ள பூங்காவில் புல்வெளி, ஊஞ்சல், சறுக்குமரம் முதலியன உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆடி 18 அன்றும் நிற்க இடமிராது. பூங்காவைவிட அதை ஒட்டிய அணைக்கட்டு முனியப்பன் கோயிலைச் சுற்றித்தான் இப்பகுதி மக்களின் உண்மையான சுற்றுலா நடக்கிறது. வேனில் பாத்திரம் பண்டத்துடன் வந்து, காவிரியில் குளித்து, கிடாயோ கோழியோ வெட்டிப் பொங்கலிட்டு, மரத்தடியில் பந்தி போட்டு உண்டு, மாலையில் திரும்புவார்கள். சுற்றுலா என்ற சொல் புழக்கத்துக்கு வருமுன்பே நடந்துவந்த வழக்கம் இது.

அணையின் இடப்புறம் எல்லிஸ் உபரிநீர்ப் போக்கியின் 16 மதகுகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பேச்சில் பதினாறு கண் பாலம். அணை நிரம்பிய பின் கூடுதலாக வரும் நீர் இதன் வழியே வெளியேறும். 2018 ஆகஸ்டில் வினாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு வெளியேற்றப்பட்டபோது இதைக் காண மாநிலம் முழுவதிலிருந்தும் மக்கள் வந்தனர்.

கன அடி என்ற அளவைச் செய்தியில் தினமும் கேட்டாலும் அதன் கனம் நமக்கு உறைப்பதில்லை. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். வினாடிக்கு 10,000 கன அடி என்றால், 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 23 ஒவ்வொரு வினாடியும் கடந்துபோவதற்குச் சமம். இது வெள்ளமன்று, பாசனக் காலத்தில் சாதாரணமாக ஓடும் அளவு.

பூலாம்பட்டிப் படகு

மேட்டூருக்குக் கீழே காவிரி இயல்பாக ஓடும் ஆறாக இல்லை. மின்னுற்பத்திக்காகச் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று அடுத்தடுத்துக் கதவணைகள் கட்டப்பட்டுள்ளன. பவானிக்குக் கீழேயும் இவை தொடர்கின்றன. ஒவ்வொரு கதவணைக்கும் பின்னால் சில கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு ஏரிபோல் நிற்கும்.

நெரிஞ்சிப்பேட்டைக் கதவணையால் தேங்கிய நீரின் கிழக்குக் கரையில் இருக்கிறது பூலாம்பட்டி. எடப்பாடியிலிருந்து எளிதில் வரலாம். அகன்ற நீர், கரையோரத் தென்னை, வாழை, எதிரே பாலமலை எனக் காட்சி அமைந்திருப்பதால் குட்டிக் கேரளா என்ற பெயர் இதற்கு ஏற்பட்டுவிட்டது. (காவிரிக்கரை ஊருக்குக் கேரளத்தின் பெயரை ஏன் இரவல் வாங்க வேண்டும் என்பது வேறு கேள்வி.) இங்கிருந்து எதிர்க்கரையான ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகள், பால்காரர்கள், விசைத்தறித் தொழிலாளர்கள் எல்லாரும் இதில்தான் கடக்கிறார்கள். இருசக்கர வண்டிகளையும் ஏற்றிக்கொள்வார்கள். கட்டணம் மிகக் குறைவு. கதவணைப் பராமரிப்புக்காக ஆண்டில் சில நாட்கள் நீரை வடித்துவிடும்போது படகு நிற்கும். என் கணிப்பில் இப்பயணம் முழுவதிலும் தவறவிடக்கூடாத பகுதி இந்தப் பத்து நிமிடம்தான்.

ஆனால் இவ்விடத்து அமைதி ஏமாற்றும். கதவணை வருமுன் முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று இரண்டாள் ஆழம் நிற்கிறது. அடியில் பழைய பாறைகளும், மணல் அள்ளிய குழிகளும் அப்படியே கிடக்கின்றன. கரையிலிருந்து நான்கு அடி நடந்தவருக்கு இடுப்பளவு. ஐந்தாவது அடியில் தரை இல்லை.

பவானி முதல் நட்டாற்றுத் திட்டு வரை

நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து அம்மாபேட்டை வழியாகத் தெற்கே வந்தால் பவானி. காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் சங்கமேசுவரர் கோயில் அமைந்துள்ளது. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகக் கருதப்படுவதால் முக்கூடல் என்பர். இங்கே படித்துறை வகுக்கப்பட்டிருக்கிறது; மூத்தோருக்குக் கடன் கழிப்பவர்கள், புதுமணத் தம்பதியர், சபரிமலைக்குப் போகிறவர்கள் என ஆண்டு முழுவதும் கூட்டம். பாலத்தைக் கடந்தால் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். இதற்குக் கீழே பள்ளிபாளையம் வரை சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. குளிக்க வேண்டுமானால் பவானிக்கு மேலேயே குளித்துவிடுவது உடம்புக்கு நல்லது.

ஈரோட்டுக்குத் தெற்கே காங்கேயம்பாளையம் அருகில், காவிரியின் நடுவே பாறைத் திட்டொன்றில் நட்டாற்றீசுவரர் கோயில் நிற்கிறது. தீவு வேண்டும் என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இப்பகுதியில் இல்லை. நாற்புறமும் நீர், நடுவில் கருங்கல் கோயில், காலடியில் மீன்கள். அகத்தியர் நிறுவிய லிங்கம் என்பது தலவரலாறு. வெள்ளக் காலத்தில் திட்டு துண்டிக்கப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்கள் கையால் செய்த தீவுகளும் இச்சமவெளியில் உண்டு. சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியை 2010 வாக்கில் தன்னார்வலர்கள் தூர்வாரியபோது, அள்ளிய வண்டலை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டனர். இன்று அவை பறவைகள் தங்கும் தோப்புகளாகிவிட்டன. அத்திட்டுகள் பறவைகளுக்கு உரியவை. நமக்குக் கரையே போதும்.

நீர்ப் பூங்கா கற்றுத்தராதது

நீர்ப் பூங்கா என்ற அமைப்புக்கு உலக அளவில் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் 1977இல் ஜார்ஜ் மில்லே தொடங்கிய வெட் அண்ட் வைல்ட். தமிழ்நாட்டில் 1990களில் இது பரவியது. கொங்குப் பகுதிப் பள்ளிகளுக்கு மேட்டுப்பாளையம் அருகேயுள்ள பிளாக் தண்டர் ஆண்டுச் சுற்றுலாவின் நிலையான ஊராகவே ஆகிவிட்டது. சேலத்திலிருந்து போய்வர நாள் முழுவதும் சரியாக இருக்கும் என்பதால் காவிரிப் பயணத்துடன் அதைச் சேர்க்க இயலாது. மேட்டூர், ஜேடர்பாளையம் பூங்காக்களே இப்பயணத்தில் அந்த இடத்தை நிரப்புகின்றன.

நீர்ப் பூங்காவின் எல்லாப் பகுதிகளும் அளந்து செய்யப்பட்டவை. சறுக்கில் ஓடும் மெல்லிய நீர் உராய்வைக் குறைப்பதற்கு மட்டுமே. அடியில் காத்திருக்கும் தொட்டியின் ஆழம் சறுக்கி வருபவர் நிற்கும் அளவுக்கு வைக்கப்பட்டிருக்கும். அலைக்குளத்தின் பின்சுவருக்குள் இருக்கும் அறைகளில் காற்றை அழுத்தி விடும்போது நீர் எழுந்து அலையாகிறது. பொத்தானை அணைத்தால் நின்றுவிடும். நீர் வடிகட்டப்பட்டு, குளோரின் கலந்து சுற்றிவருகிறது. ஊதலுடன் காவலர் நிற்பார்.

அங்கே ஒரு நாள் முழுவதும் விளையாடிய பிள்ளைக்குத் தண்ணீர் மீதிருந்த பயம் போய்விடுகிறது, நீச்சல் வருவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றென நினைப்பதில்தான் சிக்கல். ஒரு தலைமுறைக்கு முன் சேலம், நாமக்கல் கிராமங்களில் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் கற்றார்கள். முதுகில் காய்ந்த சுரைக்குடுவையையோ காலி டப்பாவையோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமனோ பெரியப்பனோ மேலிருந்து பிடித்துக்கொள்ளத் தள்ளிவிடுவார்கள். நான்கு நாளில் குடுவை கழன்றுவிடும். பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. இந்தியா முழுவதும் போர் போடப் போகும் ரிக் வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்துதான் கிளம்புகின்றன. சொந்த ஊர்க் கிணறுகளும் அவற்றின் துளைகளுக்குத் தப்பவில்லை. நிலத்தடி நீர் இறங்கியது, திறந்த கிணறுகள் வறண்டன, சில குப்பைக் குழிகளாயின. நீச்சல் கற்பதற்கு இருந்த இடம் ஊரிலிருந்து போய்விட்டது. காவிரியிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வாழும் இளைஞனுக்கு இன்று தண்ணீரில் இறங்கும் அனுபவம் நீர்ப் பூங்காவில்தான் முதலில் கிடைக்கிறது. அந்தப் பழக்கத்துடன்தான் அவன் ஆற்றில் இறங்குகிறான்.

ஆற்றில் பொத்தான் இல்லை. மேட்டூரில் நீர்த்திறப்பு கூட்டப்பட்டாலோ, மேலேயுள்ள கதவணையின் கதவு தூக்கப்பட்டாலோ, மழையே இல்லாத வெயில் நாளில்கூட மட்டம் உயரும். ஒலிபெருக்கியிலோ சங்கொலியிலோ எச்சரிக்கை தருவார்கள். நடுப்பாறையில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் காதில் அது விழுவதில்லை. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலளவு நீரே வேகமாக ஓடினால் பெரியவரையும் சாய்த்துவிடும்.

ஜேடர்பாளையம்

பயணத்தின் பிற்பகலுக்கு உரிய இடம் இது. காவிரியின் குறுக்கே உள்ள பழைய தடுப்பணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளின் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் அந்த நீரால் வாழ்பவை. இந்த வாய்க்காலை வெட்டியவராக அல்லாள இளைய நாயக்கரை இப்பகுதி மக்கள் போற்றுகிறார்கள். அவருக்கு இங்கே சிலையும் உண்டு. அண்ணா பூங்காவும், படகும், வரிசையாக மீன் கடைகளும் உள்ளன. மீனை நாமே காட்டி எடைபோடச் சொல்லி, மசாலா தடவி எண்ணெயில் போடுவதை நின்று பார்த்து வாங்கலாம். பள்ளிபாளையம் வழியாக வருபவர்கள் அந்த ஊர்ப் பெயரிலேயே உலகெங்கும் விற்கப்படும் மிளகாய்க் கோழிக்கறியை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்து, பிறகு இங்கே மீன் வாசனையில் வருந்துவதுண்டு. பசியைக் கொஞ்சம் மிச்சம் வைப்பது நல்லது.

தடுப்பணையின் மேல் வழிந்து விழும் நீரின் அடியில் குளிப்பது இங்கே எல்லாருக்கும் ஆசை. நீர் மெல்லிதாக வழியும்போது அதில் தீங்கில்லை. கூடுதலாக வழியும்போது நிலைமை வேறு. விழும் நீர் அடியில் சுழன்று மீண்டும் அணையை நோக்கியே திரும்பி இழுக்கும். அகப்பட்டவரை அது மேலே கொண்டுவந்து மறுபடி விழும் நீருக்கு அடியிலேயே தள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் வெளிவருவது கடினம். வெண்ணுரையில் காற்று கலந்திருப்பதால் அது உடலைத் தாங்கி மிதக்கவிடாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. கரையில் மீன் வறுக்கும் அக்காவிடம், இன்றைக்கு இறங்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

யாரேனும் மூழ்கினால் பின்னால் குதிப்பதுதான் இயல்பாகத் தோன்றும். இரண்டு மூன்று பேர் ஒன்றாக இறக்கும் நிகழ்வுகள் பெரும்பாலும் அப்படித்தான் ஏற்படுகின்றன. கரையில் நின்றபடி வேட்டி, சேலை, துண்டு, கயிறு, நீண்ட கழி எதையாவது நீட்ட வேண்டும். மூடி இறுகிய காலித் தண்ணீர்க் கேன் ஒரு மிதவை. அதில் கயிறு கட்டி வேனிலேயே வைத்திருக்கலாம். மீட்டவருக்கு மூச்சில்லையென்றால் வயிற்றை அமுக்கியோ தலைகீழாகத் தூக்கியோ தண்ணீரை எடுக்க முயல்வது தவறு. வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, நெஞ்சை அழுத்தியபடி 108ஐ அழைக்க வேண்டும்.

எந்த மாதத்தில் போவது

வழக்கமான ஆண்டில் டெல்டாப் பாசனத்துக்காக ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்பட்டு ஜனவரி 28 வரை நீர் விடப்படும். ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களிலும் நீர் ஓடும். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் இதனால் பாசனம் பெறுகிறது. அணையின் இருப்பைப் பொறுத்து இத்தேதிகள் முன்பின் மாறும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆறு பார்ப்பதற்கு அழகு; இறங்குவதற்கு அன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை வெயிலும் குறைவு, நீரும் அளவோடு இருக்கும். பண்ணவாடி நந்தியைக் காண விரும்புவோர் மட்டம் இறங்கிய மாதங்களில்தான் வர வேண்டும். அப்போது பூலாம்பட்டியும் பவானியும் சோர்ந்து கிடக்கும். இரண்டையும் ஒரே பயணத்தில் பெற முடியாது. புறப்படும் முன் நாளிதழில் மேட்டூரின் மட்டம், வரத்து, திறப்பு மூன்றையும் பார்த்துவிட்டால் எந்த இடத்தை விடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்யலாம்.

மேலே சொன்ன எல்லா இடங்களையும் ஒரே நாளில் அடக்க முயல்பவர்கள் வேனின் ஜன்னலைத்தான் சுற்றிப் பார்த்திருப்பார்கள். மேட்டூர், பூலாம்பட்டி, ஜேடர்பாளையம் மூன்றும் போதும். பிள்ளைகள் சோர்வடையாவிட்டால் பரமத்தி வேலூர் வழியாக நாமக்கல்லுக்கு வந்து, ஒரே பாறையாக நிற்கும் மலைக்கோட்டையையும், அதன் அடியில் குடைந்த நரசிம்மர் கோயிலையும், எதிரே வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயரையும் பார்க்கலாம். கோட்டையேறும் படிகள் பாறையிலேயே வெட்டப்பட்டவை. பகல் வெயிலில் கால் சுடும், மாலை ஐந்து மணிக்குப் பரவாயில்லை. இறங்கிக் கமலாலயக் குளத்தருகே தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினால், சேலம் ஒன்றரை மணி நேரத்துக்குள்.